அக்னிவீர் தம்பி பாதியில் வெளியே வர நினைக்கிறான், எவ்வளவு இழப்பு?

ஆரணி அக்கா
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி ராணுவத்தில் அக்னிபத் என்கிற நாலு வருடத் திட்டத்தில் அக்னிவீராகச் சேர்ந்து 16 மாதம் முடிந்திருக்கிறது. வயது 20. வடக்கே ஒரு யூனிட்டில் இருக்கிறான், இடத்தின் பெயர் வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும். ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடு. நான் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறேன், வாரத்துக்கு ஒரு நாள்தான் போய்ப் பார்க்க முடிகிறது. தம்பி வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறான். நாலு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நடுவில் விட்டால் பணம் கட்டச் சொல்வார்களா? சம்பளத்தில் பிடித்த பணம் திரும்ப வருமா? ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் 10 லட்சம் கட்ட வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஜெயில் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெத்து குமார்
அக்கா, பயப்படாதீங்க. லீவில் வரட்டும், அப்படியே திரும்பப் போகாமல் இருக்கட்டும். சிம் கார்டை மாற்றிவிட்டால் போதும். லட்சக்கணக்கான பேர் இருக்கிற படையில் ஒரு பையனைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

ஓய்வு சுபேதார்
குமார் தம்பி, தெரியாத விஷயத்தில் இப்படி எழுதாதே. இதை நம்பி ஒரு பையன் வாழ்க்கையைத் தொலைப்பான்.

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி என்ன முடிவெடுத்தாலும் சரி, லீவு முடிந்து ஒரு நாள்கூட வீட்டில் தங்கக் கூடாது. அக்னிவீரும் 1950 ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான். தகுந்த காரணம் இல்லாமல் லீவு முடிந்தும் வராமல் இருந்தால் பிரிவு 39, மூன்று வருடம் வரை சிறை. ஓடிப்போனவன் என்று முடிவானால் பிரிவு 38, ஏழு வருடம் வரை. போர்ப்பணியில் இருக்கும்போது ஓடினால் மரண தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 30 நாள் ஆளைக் காணவில்லை என்றால் யூனிட்டில் விசாரணைக் குழு உட்காரும். அந்தப் பையன் எடுத்துப்போன கிட் (படையில் கொடுத்த உடை, சாமான்) முதற்கொண்டு எழுதிப் பதிவு செய்வார்கள். அவன் வீடு எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லையில் இருக்கிறதோ அங்கே தகவல் போகும்.

என் கம்பெனியிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பையன், நல்ல உழைப்பாளி. தங்கை கல்யாணத்துக்குப் போனவன் கடன் பிரச்சினையில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஒரு தந்தி கொடுத்திருந்தால், ஒரு போன் பண்ணியிருந்தால் லீவை நீட்டிக் கொடுத்திருப்போம். பேசவே பயந்தான். ஐந்தாவது வாரம் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். 28 நாள் குவார்ட்டர் கார்டில், அதாவது யூனிட் காவலறையில் இருந்தான், பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் தண்டனைக் குறிப்பும் விழுந்தது. அதோடு பதவி உயர்வு போயிற்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அக்னிவீர் நிபந்தனைகளில் சொந்த விருப்பத்தில் நடுவில் விலக அனுமதி இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் மிக மிக விதிவிலக்கான நிலைமையில், அதிகாரம் உள்ளவர் ஒப்புக்கொண்டால் விடுவிக்கலாம் என்றும் இருக்கிறது. அதாவது கேட்கலாம், ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது.

கணக்கு வாத்தியார்
பண விஷயத்தை நான் சொல்கிறேன், அக்கா. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்னிவீருக்கு மாதச் சம்பளம் முதல் வருடம் 30,000, இரண்டாம் வருடம் 33,000, மூன்றாம் வருடம் 36,500, நாலாம் வருடம் 40,000. ஒவ்வொரு மாதமும் இதில் 30 சதவீதம் பிடித்து சேவா நிதி என்ற கணக்கில் போடுவார்கள். அதே அளவு பணத்தை அரசும் போடும். நாலு வருடத்தில் பையன் பங்கு 5.02 லட்சம், அரசு பங்கு 5.02 லட்சம், ஆக 10.04 லட்சம். வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 11.71 லட்சம் கைக்கு வரும். வருமான வரி கிடையாது. ஊரில் சொன்ன அந்த 10 லட்சம் இங்கிருந்து வந்த எண் என்று நினைக்கிறேன். வர வேண்டிய தொகையைக் கட்ட வேண்டிய தொகையாக்கிவிட்டார்கள்!

உங்கள் தம்பிக்கு 16 மாதம். முதல் 12 மாதம் 9,000 வீதம் 1,08,000. அடுத்த நாலு மாதம் 9,900 வீதம் 39,600. மொத்தம் 1,47,600. சொந்த விருப்பத்தில் வெளியே வந்தால் இந்தத் தொகையும் அதற்கான வட்டியும் அவனுக்குத் திரும்ப வரும். அரசு போட்ட 1,47,600 வராது. விதி அப்படித்தான்: சொந்த வேண்டுகோளில் போகிறவருக்கு அரசுப் பங்கு கிடையாது.

நாலு வருடம் இருந்தால் கிடைக்கும் 10.04 லட்சத்தோடு ஒப்பிட்டால் 8,56,800 குறைவு.

சந்தேகப் பேர்வழி
வாத்தியாரே, கடைசி வரி சரியில்லை. மீதி 32 மாதம் வேலையே செய்யாமல் அந்த மாதங்களின் பணத்தை எப்படி இழப்பு என்று எழுதுவீர்கள்? அவன் வெளியே வந்து வேறு வேலை பார்ப்பான் இல்லையா? உண்மையில் உழைத்து, கிடைக்காமல் போவது அரசுப் பங்கான 1,47,600 மட்டும்தான். அக்காவைப் பயமுறுத்தாதீர்கள்.

கணக்கு வாத்தியார்
சரி, ஒப்புக்கொள்கிறேன். கையில் இருந்து போவது 1,47,600. மீதி எல்லாம் வராமல் போகும் வருமானம். ஆனால் ஒன்று: ஊரில் வந்து உட்காரும் 20 வயதுப் பையனுக்கு மாதம் 23,100 கையில் தருகிற வேலை உடனே கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள். மேலே சாப்பாடு, உடை, தங்குமிடம் எல்லாம் இலவசம்.

பாதி கேடட்
நான் அதிகாரி பயிற்சிக்குப் போய் பாதியில் வந்தவன். அதனால் பணம் கட்டச் சொல்லும் விஷயத்தை நேரடியாகவே சொல்கிறேன். அக்னிவீர் கதை வேறு, அதிகாரி கேடட் கதை வேறு. ஊரில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

அதிகாரி பயிற்சிக்குச் சேரும்போது பத்திரம் எழுதித் தர வேண்டும், பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக் காரணத்துக்காக விலகினால் தங்கியிருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். எனக்கு வந்த அறிவிக்கையில் வாரத்துக்கு 13,940 ரூபாய் என்று போட்டிருந்தது, அவ்வப்போது மாற்றுவார்கள். நான் 11 வாரம் இருந்தேன். 1,53,340 ரூபாய். குறுகிய காலப் பணிக்கான பயிற்சி 49 வாரம், கடைசி வாரத்தில் மனம் மாறினால் கிட்டத்தட்ட 7 லட்சம்.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. டிராஃப்ட் எடுக்க வங்கிக்கு என்னோடு வந்தார். கவுன்டரில் அந்தப் பெண் “எதுக்கு சார் இந்த டிராஃப்ட்?” என்று கேட்டபோது, “பையனுக்கு காலேஜ் ஃபீஸ்” என்றார். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

அக்கா, உங்கள் தம்பி ஏன் விலக நினைக்கிறான் என்று அவனிடம் இன்னொரு முறை கேளுங்கள். நான் முழங்கால் வலி என்று சொல்லித்தான் வந்தேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

ஓய்வு சுபேதார்
முழங்கால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவேளை உடம்பில் உண்மையிலேயே ஏதாவது இருந்தால் “என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்” என்று எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. மருத்துவக் குழு பார்த்து வெளியே அனுப்புவது வேறு வழி, அதன் பலன்களும் வேறு. பணியின் காரணமாக ஊனம் என்று முடிவானால் 100, 75, 50 சதவீத ஊனத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் கருணைத் தொகை உண்டு. ஒரு வரியை அவசரத்தில் எழுதித் தந்துவிட்டு அதையெல்லாம் இழந்துவிடக் கூடாது.

ஆரணி அக்கா
எல்லோருக்கும் நன்றி. பாதி கேடட் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தம்பியிடம் பேசினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா விழுவதற்கு முன்பிருந்தே அவனுக்குப் பிடிக்கவில்லையாம். பயிற்சி முடிந்து யூனிட்டுக்கு வந்த பிறகு பேச ஆளில்லை, ஹிந்தி சரியாக வரவில்லை, “நாலு வருஷத்துக்காரன்தானே நீ” என்று சிலர் கிண்டல் செய்கிறார்களாம். அப்பாவுக்கு இப்படி ஆனதும், இதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றியிருக்கிறது. என்னிடம் சொல்லும்போதே அழுதான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கெத்து குமார்
இதுக்குத்தான் அக்னிபத் திட்டமே வேண்டாம் என்று அப்போதே

மட்டுறுத்துநர்
குமாரின் பதிவு பாதியில் வெட்டப்பட்டது. திட்டம் நல்லதா கெட்டதா என்பதற்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே அந்தப் பையன் விஷயம் மட்டும்.

பழைய ஏர்மேன்
அக்கா, நான் விமானப்படையில் 2005ல் சேர்ந்தவன். எங்களுக்கு அப்போது 20 வருட ஒப்பந்தம். வங்கி வேலைக்குப் போகிற ஆசை எனக்கு மூன்றாவது வருடமே வந்துவிட்டது. ஆனால் ஏழு வருடம் முடிக்காமல் வெளி வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. விண்ணப்பிக்கும் முன்பே தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். தேர்வு எழுதிவிட்டு, ஜெயித்துவிட்டு, அப்புறம் போய்த் தடையில்லாச் சான்று கேட்டால் கதை முடிந்தது. என் பேட்ச்மேட் ஒருவன் அப்படித்தான் நியமன உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் ட்ரேடில், அதாவது தொழில் பிரிவில் ஆள் பற்றாக்குறை, விடவில்லை. அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது.

நான் ஒன்பதாவது வருடம் முறைப்படி வெளியே வந்தேன். பென்ஷன் இல்லை, 15 வருடம் முடித்தால்தான் அது. பணிக்கொடை கிடைத்தது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பென்ஷன் சம்பாதிக்கும் முன் சொந்த வேண்டுகோளில் வந்தவர்களுக்கு அது கிடையாது. ஒன்பது வருடம் சீருடை போட்டவன், படைவீரர் கேன்டீன் வாசலில் வெளியாள்.

கிண்டல் விஷயம்: எனக்கும் ஹிந்தி வராது. முதல் வருடம் மெஸ்ஸில் தயிருக்கு “தஹி” என்று கேட்கத் தெரியாமல் வெறும் சோறு தின்றிருக்கிறேன். இரண்டாம் வருடம் அவர்களுக்கே நான் கிளாஸ் எடுத்தேன். 16ஆம் மாதம் மிக மோசமான மாதம், தம்பியிடம் சொல்லுங்கள்.

நீதிமன்ற வாசல்
சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜினாமா கடிதம் கொடுத்து ஒரு மாதத்தில் போவது தனியார் கம்பெனி பழக்கம், படையில் அது கிடையாது. விமானப்படை வீரர் ஒருவர் வழக்கில் 2019ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: படையில் இருப்பவருக்குத் தன் விருப்பப்படி பணியை விட்டுப் போகும் தடையற்ற உரிமை இல்லை. அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவே படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

அதற்காக வழியே இல்லை என்று அர்த்தமில்லை. மனு கொடுத்து மறுத்தால் ராணுவச் சட்டம் பிரிவு 26ன்படி மேலதிகாரிகளிடம் முறையிடலாம். அதுவும் நடக்கவில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம், சென்னையிலேயே அதற்கு அமர்வு இருக்கிறது. ஆனால் உள்ளே கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்காமல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டதற்கு அங்கே மதிப்பில்லை.

வெலிங்டன் வானதி
அக்கா, என் வீட்டுக்காரர் மதராஸ் ரெஜிமென்ட். நான் குவார்ட்டர்ஸில் பத்து வருடம் இருந்தவள். உங்கள் வீட்டில் இரண்டு பிரச்சினை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்வது ஒன்று, தம்பியின் மனது இன்னொன்று. அப்பாவுக்கு வழி செய்துவிட்டு அப்புறம் தம்பியிடம் கேளுங்கள், அப்போது அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்கலாம்.

அப்பாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் கேட்டீர்களா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். என் மாமியாருக்கு வந்தார்கள். பக்கவாதத்தில் முதல் சில மாதங்கள் பயிற்சி கொடுப்பதுதான் முக்கியம். 20 வயதுப் பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மனதுக்கு ஆறுதல், ஆனால் கை கால் தூக்க வைக்க அவனுக்குத் தெரியாது. மாட்டில் ஒன்றை விற்றுவிடலாம். நிலத்தை ஒரு வருடம் குத்தகைக்கு விடலாம். இதெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியவை. தம்பி படையிலிருந்து டிஸ்சார்ஜ் வாங்கினால் அதைத் திருப்ப முடியாது.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. நாலு வருடம் முடித்த அக்னிவீர்களுக்கு எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஐ.எஸ்.எஃப். மாதிரியான மத்தியப் படைகளில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வயது வரம்பில் தளர்வு உண்டு, உடல் தகுதித் தேர்வும் இல்லை. 25 சதவீதம் வரை படையிலேயே நிரந்தரமாகலாம். பாதியில் வந்தால் இவை எல்லாம் மூடிவிடும். வாத்தியார் கணக்கில் இது வரவில்லை.

சந்தேகப் பேர்வழி
வானதி அக்கா சொல்வது நியாயம்தான், ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தினமும் அழுகிற பையனை “இன்னும் 32 மாதம் பொறு” என்று துப்பாக்கியோடு காவலுக்கு நிறுத்துவது சரியா? அவன் மனநிலை மோசமாக இருந்தால் பணம் எல்லாம் இரண்டாம் பட்சம்.

ஓய்வு சுபேதார்
சந்தேகப் பேர்வழி இந்த ஒரு தடவை சரியாகச் சொன்னார். நான் கம்பெனியில் இருந்தபோது பையன் யாராவது பேச்சைக் குறைத்துக்கொண்டால், ராத்திரி சென்ட்ரி டியூட்டியில் தனியாகப் போட மாட்டேன். தம்பி இப்படி இருப்பது அவனுடைய ஜே.சி.ஓ.வுக்கு, அதாவது அவன் பிரிவின் இளநிலை அதிகாரிக்குத் தெரிய வேண்டும். சொன்னால் கேவலம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். அம்மா, தம்பி தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் நாளைக்கே யூனிட் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

தூங்குகிறான், சாப்பிடுகிறான் என்றால் இப்படிச் செய்யுங்கள். தம்பி முதலில் பிளாட்டூன் ஜே.சி.ஓ.விடம் நேரில் சொல்ல வேண்டும். பிறகு கம்பெனி கமாண்டருக்கு அர்ஜி (மனு) எழுதி இன்டர்வியூ கேட்க வேண்டும். அர்ஜியில் விலகல் என்ற வார்த்தையே வேண்டாம். அப்பாவின் நிலைமையை எழுதி லீவு கேட்கட்டும். வருடத்துக்கு 30 நாள் லீவு உண்டு, எவ்வளவு பாக்கி என்று பார்க்கட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி நகல், தாசில்தார் அல்லது வி.ஏ.ஓ. கையெழுத்தோடு ஒரே மகன் என்பதற்குச் சான்று, இரண்டையும் நீங்கள் அனுப்புங்கள். யூனிட்டிலிருந்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுதி விசாரிப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு வரும்போது அப்பா கட்டிலில் இருப்பதைப் பார்த்தால் போதும், நீங்கள் ஒன்றும் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

லீவில் வந்து வீட்டைப் பார்த்த பிறகும் விலகத்தான் வேண்டும் என்றால், திரும்பிப் போய் ரிப்போர்ட் பண்ணிவிட்டு விலகல் மனுவைக் கொடுக்கட்டும். அனுமதி வந்தாலும் பார்ட் டூ ஆர்டர் என்கிற யூனிட்டின் பதிவு உத்தரவு வெளியாகி, கிட் ஒப்படைத்து, அடையாள அட்டை கொடுத்து, கிளியரன்ஸ் வாங்கும் வரைக்கும் அவன் சிப்பாய்தான். சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் கடன் வாங்கியிருக்கிறானா என்று கேளுங்கள். இப்போதெல்லாம் பையன்கள் முதல் வருடமே பைக்குக்குக் கடன் வாங்கிவிடுகிறார்கள்.

ஆரணி அக்கா
ஐயா, பைக் கடன் இருக்கிறது! 90,000 பாக்கி. இப்போதுதான் சொல்கிறான். பைக் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கோணி போர்த்தி நிற்கிறது, அப்பா ஒரு நாளும் ஓட்டியதில்லை.

கணக்கு வாத்தியார்
அப்படியென்றால் திரும்ப வரும் 1,47,600ல் 90,000 அங்கேயே போய்விடும். கையில் 57,600, கொஞ்சம் வட்டி. முடிவெடுக்கும்போது இந்த எண்ணை வைத்து எடுங்கள்.

ஆரணி அக்கா
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தம்பி ஜே.சி.ஓ.விடம் போய்ச் சொன்னான். அவர் மதுரைப் பக்கமாம், அது இவனுக்கு 16 மாதமாகத் தெரியாது. அரைமணி நேரம் தமிழில் பேசியிருக்கிறார். 18 நாள் லீவு கிடைத்து வந்தான். சுகாதார நிலையத்தில் பதிந்து, வாரம் ஒரு முறை இயன்முறைப் பெண் வருகிறார். அவர் செய்வதைப் பார்த்துத் தம்பி மற்ற நாட்களில் அப்பாவுக்குச் செய்தான். அப்பா இப்போது சுவரைப் பிடித்து வாசல் வரைக்கும் வருகிறார். ஒரு மாட்டைச் சித்தப்பாவுக்கே கொடுத்துவிட்டோம். பைக்கை விற்று 62,000 கடனில் கட்டியாயிற்று.

விலகுவதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லீவு முடிவதற்கு முந்தின நாளே காட்பாடியில் ரயில் ஏறிவிட்டான். அடுத்த லீவு வரை பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான். நேற்று வாட்ஸப்பில், “அக்கா, மீதி இருக்கிற மாடு கன்னு போட்டுச்சா?” என்று கேட்டிருக்கிறான்.

ஓய்வு சுபேதார்
ரிப்போர்ட் பண்ணியதற்கு லீவு சர்டிபிகேட்டில் வருகைத் தேதி போட்டு வாங்கினானா என்று கேளுங்கள், அம்மா. அர்ஜியின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வெலிங்டன் வானதி
கன்னு போட்டுச்சா இல்லையா, அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே!

ஆரணி அக்கா
இன்னும் இல்லை. அடுத்த வாரம் என்கிறார்கள்.